இரண்டு பேர் சொன்னால் வண்டி நகராது

ஆணியில் சாவி இல்லை.

வாசல் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் மஞ்சள் வண்டியின் சாவிக்கென்றே ஓர் ஆணி உண்டு. வீட்டில் கடிகாரம் நின்றாலும் நிற்கும், அந்தச் சாவி இடம் மாறாது. இன்று ஆணி மொட்டையாக இருந்தது.

மருமகள் ஆணியைப் பார்த்தாள். பிறகு அத்தையைப் பார்த்தாள். அத்தை கிளம்பத் தயாராக, பின்னால் வார் வைத்த செருப்போடு நின்றிருந்தாள். காலை விட்டு நழுவுகிற செருப்போடு பெடலை மிதிக்கக் கூடாது என்று மருமகள் சொன்ன அன்று வாங்கியது.

"அவருக்குத் தெரிஞ்சுபோச்சு," என்றாள் அத்தை.

"யாரு சொல்லியிருப்பாங்க?"

"டெஸ்ட் ஆபீஸ்ல யாராவது. 'வீட்டம்மா பேரைப் பாத்தோம், ரொம்ப சந்தோஷம் மாஸ்டர்'னு சொல்லியிருப்பாங்க. நல்ல மனசோடதான் குட்டை உடைச்சிருப்பாங்க."

இந்த வீட்டுக்குள் இன்றுதான் கால் வைக்கிறவர்களுக்காக நாலு வரி. மஞ்சள் வண்டி பயிற்சிக் கார், பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. வீட்டின் முன் அறைதான் டிரைவிங் ஸ்கூல். அதை நடத்துகிறவர் அத்தையின் கணவர். ஊருக்கு அவர் மாஸ்டர், வீட்டிலும் மாஸ்டர்தான். பின்புறத் தகரக் கொட்டகையில் வண்டிகளைப் பழுது பார்க்கிறவன் அவர்களுடைய ஒரே மகன். அவனை எல்லோரும் மெக்கானிக் என்பார்கள். அவன் மனைவிதான் மருமகள். கல்யாணத்துக்கு முன்னால் ஆம்புலன்ஸ் அழைப்புகளை எடுக்கும் அறையில் வேலை பார்த்தவள். பதறி அழுகிறவர்களுக்குப் போனிலேயே ஒவ்வொன்றாகச் சொல்லிச் செய்யவைத்துப் பழகியவள். மாமனார் அவளுக்கு வைத்த பெயர் 'கன்ட்ரோல் ரூம்'. மெச்சி வைத்த பெயர் இல்லை.

போன வாரம் அவர் அவளை மஞ்சள் வண்டியில் ஏறக் கூடாது என்றுவிட்டார். டெஸ்டில் இரண்டு முறை தோற்ற ஒரு பேக்கரிக்காரர் நடுரோட்டில் கை நடுங்கி நின்றபோது, "மாமா, நீங்க கொஞ்சம் பேசாம இருங்க, அவருக்கு நான் சொல்றேன்," என்று சொல்லிவிட்டாள். அதுகூடப் பரவாயில்லை. பேக்கரிக்காரர் வண்டியை எடுத்துவிட்டார். அதுதான் மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை.

ஆனால் அவர் காலை நடைக்குப் போகிற நேரங்களில், கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கும் காலி மைதானத்தில், அத்தை அதற்குள் வண்டி ஓட்டப் பழகி முடித்திருந்தாள்.

மாஸ்டரின் மனைவிக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பது ஊரறிந்த கதை. அந்தக் கதையை ஊருக்குச் சொன்னதே மாஸ்டர்தான். புதிதாக யார் சேர்ந்தாலும் முதல் வகுப்பில் சொல்வார். "என் வீட்டுக்காரிக்கே சொல்லிக்கொடுத்துப் பாத்தேன். பிரேக்கைப் போடுன்னேன். தூணைப் போட்டுட்டா." வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கும். அதே நேரத்தில் டீ டம்ளர்கள் வைத்த தட்டோடு அத்தை உள்ளே வருவாள். சிரிப்பு அடங்கும்வரை ஓரமாக நிற்பாள்.

ஒருநாள் டம்ளர்களைக் கழுவும்போது மருமகள் கேட்டாள். "அன்னைக்கு உண்மையில என்னதான் நடந்துச்சு அத்தை?"

அத்தை குழாயை மூடினாள். இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. மறுநாள் காலையில், "எனக்குச் சொல்லிக்கொடுக்கிறியா?" என்று மட்டும் கேட்டாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது.

*

மாஸ்டர் முன் அறை மேஜையில் இருந்தார். சட்டைப் பையில் சாவியின் வளையம் வெளியே தெரிந்தது. தெரியவேண்டும் என்றே வைத்திருந்தார்.

அத்தை மேஜைக்கு எதிரே போய் நின்றாள்.

"வண்டிச் சாவி வேணும்."

"எதுக்கு?"

"எனக்கு இன்னைக்கு டெஸ்ட்."

"ஓகோ. டெஸ்ட்டா." மாஸ்டர் நாற்காலியில் சாய்ந்தார். "நான் தொண்டை கிழியக் கத்தியே உனக்கு வரல. இப்ப வந்துடுச்சா? யாரு சொல்லிக்கொடுத்தது, கன்ட்ரோல் ரூமா? போன்ல அவசரத்துக்குப் பேசுறவ எல்லாம் வாத்தியாரா ஆனா, நாங்க எல்லாம் என்ன பண்றது? என் முதுகுக்குப் பின்னாடி, என் வண்டியில, என் பெட்ரோல்ல, என்னையே முட்டாளாக்கியிருக்கீங்க. இன்னைக்கு நீ போய்த் தோத்துட்டு வந்தா யாருக்கு அசிங்கம்? ஊர்ல என்ன சொல்வாங்க? மாஸ்டர் வீட்டுலயே..."

அவர் பேசிக்கொண்டே போனார். மருமகள் நிலைப்படியில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் சொல்ல ஒரு மூட்டை இருந்தது. ஆனால் தனக்காகத் தானே பேச ஒருத்தி நிற்கும்போது, பக்கத்தில் நிற்கிறவள் வாயைத் திறந்தால் அது உதவி இல்லை, வழிமறிப்பு. அழைப்பு அறையில் முதலில் கற்றது அதுதான்.

அத்தை காத்திருந்தாள். தலை குனியவில்லை. மாஸ்டருக்கு மூச்சு வாங்கி ஓர் இடத்தில் நின்றது.

"வண்டிச் சாவி வேணும்," என்றாள் மறுபடி.

"நான் இவ்வளவு சொல்றேன், காதுல விழலையா?"

"விழுந்துச்சு. எல்லாமே விழுந்துச்சு. நான் கேட்டது சாவி."

பின்கட்டில் ஸ்பானர் சத்தம் நின்றது. மெக்கானிக் வெள்ளை வண்டிக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பேசமாட்டான். ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள். இவன் அந்த அளவுக்குக்கூட சிரமப்படாதவன்.

மாஸ்டர் சாவியை எடுத்து மேஜையில் போட்டார்.

"சரி. போ. நானும் வர்றேன். பின் சீட்டுல உக்காருறேன். உன் லட்சணத்தை நானே கண்ணால பாக்கிறேன்."

அத்தை சாவியை எடுத்தாள். முதல் ஆளாக வாசலுக்கு நடந்தாள்.

*

டெஸ்ட் மைதானத்துக்கு மருமகள்தான் வண்டியை ஓட்டிப் போனாள். பக்கத்தில் அத்தை. பின்னால், போன வாரம் போட்ட தடையை இன்று எடுத்துப் பேசாத மாஸ்டர். வழியெல்லாம் அவர் சாலையைத் திட்டினார், சைக்கிள்காரரைத் திட்டினார், இரண்டாவது கியரில் இருந்து மூன்றாவதற்குப் போன நேரத்தைத் திட்டினார். மருமகள் அத்தையிடம் மட்டும் பேசினாள்.

"பயமா இருக்கா அத்தை?"

"இருக்கு."

"எங்க இருக்கு?"

அத்தை யோசித்தாள். "முட்டியில."

"சரி. முட்டி நடுங்கட்டும். பாதம் நடுங்காம இருந்தா போதும். பாதத்துக்கு மட்டும் சொல்லுங்க."

பின் சீட்டிலிருந்து ஒரு 'ஹூம்' வந்தது.

மைதானத்து வேலியோரம் ஏற்கெனவே கூட்டம். மாஸ்டரிடம் பழகுகிறவர்களும் இருந்தார்கள். பேக்கரிக்காரர் மாவு படிந்த சட்டையோடு மூன்றாவது முயற்சிக்கு வந்திருந்தார். மெக்கானிக் பைக்கை வேலியோரம் நிறுத்திவிட்டு மருமகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். வரச்சொல்லி யாரும் கூப்பிடவில்லை. ஏன் வந்தாய் என்று யாரும் கேட்கவும் இல்லை.

சோதனை அதிகாரி நடுத்தர வயதுப் பெண். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசாதவர்.

"மாஸ்டர், நீங்க எதுக்கு வண்டியில?"

"ஒரு பாதுகாப்புக்கு மேடம். எங்க வண்டி, எங்க ஸ்கூலு."

"உக்காருங்க. பேசக் கூடாது."

"நான் எதுக்குப் பேசப்போறேன்?" என்றார் மாஸ்டர்.

அத்தை இருக்கையை முன்னே இழுத்தாள். கண்ணாடியைச் சரிசெய்தாள். கண்ணாடியில் முதலில் தெரிந்தது மாஸ்டரின் முகம். அதைக் கொஞ்சம் திருப்பிப் பின் கண்ணாடி வழியே சாலை தெரிகிற மாதிரி வைத்தாள்.

நேர் பாதை சரியாகப் போனது. திருப்பமும் சரியாகவே போனது. அதிகாரி திருப்பத்துக்கு நிறைய முன்னாலேயே, "அடுத்த வளைவுல திரும்பணும்," என்று சொல்லிவிட்டார். மருமகளும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாள். திரும்புகிற இடத்தில் வந்து திரும்பு என்றால் கை பதறும். முன்னாலேயே சொன்னால் கை தானாகத் தயாராகும்.

பிறகு மேடு வந்தது. மேட்டின் பாதியில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி எடுக்கவேண்டும்.

"நிறுத்துங்க," என்றார் அதிகாரி.

நிறுத்தினாள்.

"எடுங்க."

அத்தையின் கை ஹேண்ட் பிரேக்குக்குப் போனது. அந்தக் கணத்தில் பின்னாலிருந்து வெடித்தது.

"கிளட்சை விடு, மெதுவா விடு, ஆக்சிலேட்டரைக் குடு, இன்னும் குடு, பாத்து பாத்து, பின்னாடி போகுது, அடிச்சுடாத, பிரேக்கு, போச்சு போச்சு..."

வண்டி ஒரு குலுக்கு குலுக்கி அணைந்தது. ஒரு கை அகலம் பின்னால் உருண்டது. அத்தை ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்தாள். வண்டி நின்றது.

அதிகாரி பேனாவை எடுத்தார்.

அத்தைக்குப் பழைய பயம் அப்படியே திரும்பி வந்தது. ஆனால் அதற்குக் கீழே வேறு ஒன்று, அதைவிடச் சூடாக, ஏறி வந்துகொண்டிருந்தது.

"மேடம்," என்றாள். "எனக்கு ரெண்டு குரல் கேக்குது. ஒண்ணு உங்களது. இன்னைக்கு நான் கேக்க வேண்டியது அதைத்தான். இன்னொரு குரல் வண்டிக்குள்ள இருக்கிற வரைக்கும் நான் வண்டியை எடுக்கமாட்டேன்."

"டெஸ்டை நிறுத்திடவா?"

"வேணாம். அவரை இறக்கிட்டு நடத்துங்க."

மாஸ்டர் சிரித்தார். "பாத்தீங்களா மேடம்? எடுக்கத் தெரியல, பழியைத் தூக்கி என்மேல போடுறா. ஆடத் தெரியாதவ மேடை கோணல்னு சொன்ன கதைதான்."

அத்தை இருக்கையில் முழுசாகத் திரும்பினாள்.

"ஏங்க, இறங்குங்க."

"இது என் வண்டி."

"உங்க வண்டிதான். ஆனா என் டெஸ்ட்."

அதிகாரி பேனாவை மூடினார். "மாஸ்டர், பேசக் கூடாதுன்னு சொன்னேன். இறங்குங்க."

வேலியோரம் நின்றவர்களுக்கு உள்ளே பேசியது கேட்கவில்லை. மேட்டின் பாதியில் வண்டி நின்றதும், பின் கதவு திறந்ததும், மாஸ்டர் இறங்கியதும்தான் தெரிந்தது. அவர் கதவை அறைந்து சாத்தினார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, எல்லோர் கண்ணெதிரிலும் சரிவில் கீழே நடந்து வந்தார். அவரிடம் பழகுகிறவர்கள் சட்டென்று செருப்பை, வானத்தை, கைபேசியைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

மெக்கானிக் மட்டும் பார்வையை எடுக்கவில்லை. மேட்டின்மேல் நின்ற வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வண்டிக்குள் அத்தை சாவியைத் திருப்பி மறுபடி ஸ்டார்ட் செய்து, தனக்கே கேட்கிற மாதிரி முணுமுணுத்தாள். "முதல்ல கிளட்ச். இப்ப கொஞ்சம் ஆக்சிலேட்டர். வண்டி மூக்கைத் தூக்குது. இப்ப ஹேண்ட் பிரேக்." ஒன்று முடிந்த பிறகே அடுத்தது. வண்டி முனகிக்கொண்டு மேலே ஏறியது.

ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு பிளாஸ்டிக் கூம்பைத் தட்டிவிட்டாள். அது உருண்டு ஓடியது.

வண்டியை நிறுத்தி, "ஒண்ணைத் தட்டிட்டேன் மேடம்," என்றாள்.

"பாத்தேன்."

"பாத்திருப்பீங்க. இருந்தாலும் நான் சொல்லணும்ல."

அதிகாரியின் முகத்தில் ஒரு கீற்றுபோல ஏதோ வந்து போனது. சிரிப்பு என்று சொல்லிவிட முடியாது.

"பாஸ்," என்றார். "தட்டுனதுக்கு மார்க் குறைச்சாச்சு. மேட்டுல நின்னதுக்குக் குறைக்கல. யாரு பேச்சைக் கேக்கணும்னு தெரியாதப்போ, வண்டியை நிறுத்திட்டுக் கேக்கிறவங்கதான் ரோட்டுக்கு வேணும்."

அத்தை வண்டியிலிருந்து இறங்கியதும், முட்டி சொன்னபடியே மடங்கியது. மருமகள் ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள்.

அதிகாரி மருமகளைக் கூப்பிட்டார். "நீங்கதான் சொல்லிக்கொடுத்ததா?"

"ஆமா மேடம்."

"அப்ப மாஸ்டரையும் நீங்கதான் தயார் பண்றீங்களா?"

"எதுக்கு?"

"சொல்லலையா வீட்டுல? இந்த வருஷத்திலேர்ந்து பயிற்சி கொடுக்கிறவங்களுக்கும் சோதனை உண்டு. ஓட்டிக் காட்ட வேண்டியதில்ல, சொல்லிக்கொடுத்துக் காட்டணும். ஒரு புது ஆளைப் பக்கத்துல உக்காரவச்சு, எங்க முன்னாடி. தேறலைன்னா ஸ்கூல் நடத்த முடியாது. அவருக்கு நேர்லயே சொன்னேனே. தலையை ஆட்டினாரு."

மருமகள் திரும்பிப் பார்த்தாள். மைதானத்து வாசலில் மாஸ்டர் மகனின் பைக்கில் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தார். பைக் கிளம்பியது. கண்ணுக்கு மறையும்வரை அவர் மகனின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டே போனார்.

*

அத்தை வீடுவரை தானே ஓட்டி வந்தாள். பக்கத்தில் இருந்த மருமகளின் கால் அவள் பக்கத்துப் பிரேக்கின்மேல் தயாராக இருந்தது. ஒருமுறைகூட அழுத்த வேண்டியிருக்கவில்லை.

பிற்பகல் புது ஆட்களுக்கு முதல் வகுப்பு. மறுபடி பாடம் கேட்க வந்தவர்களும் சிலர் இருந்தார்கள். பேக்கரிக்காரர் கடைசி பெஞ்சில். அன்று காலை அவர் மூன்றாவது முறையும் தோற்றிருந்தார்.

அத்தை அடுக்களையில் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். முன் அறையிலிருந்து மாஸ்டரின் குரல் வந்தது. வழக்கத்தைவிட ஓங்கியிருந்தது.

"வண்டி ஓட்டுறது எல்லாருக்கும் வராது. ரத்தத்துல இருக்கணும். என் வீட்டுக்காரியையே எடுத்துக்கங்க..."

மருமகள் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். "இன்னைக்குமா?" என்றாள், தனக்குள்.

அத்தை தட்டை எடுக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு முன் அறைக்குப் போனாள்.

வகுப்பு சிரித்து முடிக்கிற நேரம். வெறுங்கையோடு வந்த அத்தையைப் பார்த்து மாஸ்டர் ஒரு நொடி தடுமாறினார். "டீ எங்க?"

"அப்புறம் வரும்." அத்தை சிக்னல் படங்கள் தொங்கும் பலகைக்கு முன்னால் போய் நின்றாள். "இவர் சொன்ன கதையில பாதிதான் இருக்கு. மீதிப் பாதி என்கிட்ட இருக்கு."

"உள்ள போ. வகுப்பு நடக்குது."

"வகுப்புதான் நானும் எடுக்கிறேன்," என்றாள் அத்தை.

"நான் தூணுல இடிச்சேன், உண்மைதான். அன்னைக்குக் கீழ மூணு பெடல் இருந்துச்சு. எது பிரேக்குன்னு எனக்கு மறந்துபோச்சு. கேட்டேன். 'இதுகூடவா தெரியாது'ன்னு கேட்டாரு. ரோட்டுல நாலு பேர் திரும்பிப் பாத்தாங்க. அதுக்கப்புறம் நான் கேக்கல. தெரிஞ்ச மாதிரி தலையை ஆட்டிட்டேன். அவரும் 'புரிஞ்சுதா, புரிஞ்சுதா'ன்னு கேட்டாரு. நானும் ஆட்டு ஆட்டுன்னு ஆட்டினேன். தூணுல இடிச்சது வண்டி இல்ல. அந்தத் தலையாட்டல்."

யாரும் சிரிக்கவில்லை.

"ஒண்ணு கேக்கிறேன். யாரும் திட்டமாட்டாங்க. இங்க எத்தனை பேர் புரியாமலே தலையாட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க?"

மாஸ்டர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கடைசி பெஞ்சில் ஒரு கை எழுந்தது. பேக்கரிக்காரர்.

"எனக்கு..." தொண்டையைச் செருமினார். "எனக்கு ஹாஃப் கிளட்ச்னா என்னன்னு இன்னைய வரைக்கும் தெரியாது. மாஸ்டர் அப்பப்போ 'ஹாஃப் கிளட்ச், ஹாஃப் கிளட்ச்'னு சொல்வாரு. நான் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொண்ணு பண்ணிப் பாப்பேன்."

அதற்கு யாரோ சிரித்தார்கள். கேலிச் சிரிப்பு இல்லை. எனக்கும்தான் என்கிற சிரிப்பு. முன் வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். பிறகு இன்னும் இரண்டு. பிறகு கிட்டத்தட்ட எல்லோரும்.

மாஸ்டர் அந்தக் கைகளைப் பார்த்தார். ஒவ்வொரு கையாகப் பார்த்தார். எதையோ சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. சொல் வராத மாஸ்டரை அந்த அறை அதற்கு முன் பார்த்ததில்லை.

"இந்தத் தூண் கதையை இனிமே இந்த ரூம்ல யாரும் சொல்லக் கூடாது," என்றாள் அத்தை. "எனக்குப் பிடிக்கல. அன்னைக்கும் பிடிக்கல. இன்னைக்குத்தான் சொல்றேன்."

மாஸ்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, வகுப்பின் நடுவே நடந்து, பின்கட்டுக்குப் போய்விட்டார்.

அத்தை மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். "நீ வந்து சொல்லும்மா. ஹாஃப் கிளட்ச்லேர்ந்து."

*

வெயில் சாயும்போது வகுப்பு கலைந்தது. போகும்போது பேக்கரிக்காரர், கிளட்சைப் பாதி விட்டு அப்படியே நிறுத்திப் பிடிப்பதுதான் ஹாஃப் கிளட்ச் என்று, இரண்டு பாதங்களையும் காற்றில் மிதித்துக் காட்டிக்கொண்டே போனார்.

கொட்டகையில் மாஸ்டர் ஒரு பழைய டயரின்மேல் உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் வெள்ளை வண்டியின் பானெட்டுக்குள் குனிந்திருந்தான். மருமகளும் அத்தையும் வந்து நின்றார்கள்.

"மாமா, ஆபீசர் ஒரு விஷயம் சொன்னாங்க," என்று மருமகள் ஆரம்பித்தாள். "பயிற்சி கொடுக்கிறவங்களுக்குச் சோதனை இருக்காம்."

"அதையும் சொல்லியாச்சா?"

"ஏன் எங்ககிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்றது? இந்த ஊர்ல பாதிப் பேர் ஓட்டுறது நான் கத்துக்கொடுத்து. என்னைவிடச் சின்ன வயசு ஆபீசருங்க முன்னாடி நான் உக்காந்து, சொல்லிக்கொடுக்கத் தெரியுமான்னு காட்டணுமா? இன்னைக்கு மேட்டுல இறக்கிவிட்டீங்களே, அது பத்தாதா?"

"நான் உங்களுக்கு உதவி பண்றேன் மாமா. ரெண்டு மூணு விஷயத்தை மட்டும் மாத்தினா..."

"நீயா?" அவர் எழுந்தார். "நீ என்னை மாத்தறியா? வேணாம். சோதனையும் வேணாம், ஸ்கூலும் வேணாம். நாளைக்கு போர்டைக் கழட்டிடறேன். அப்புறம் நீயும் உங்க அத்தையும் யாருக்கு வேணா கன்ட்ரோல் ரூம் நடத்திக்கங்க."

"கழட்டுங்க," என்றது பானெட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்.

எல்லோரும் திரும்பினார்கள்.

மெக்கானிக் நிமிர்ந்தான். கையில் இருந்த எண்ணெய்த் துணியை வண்டிமேல் போட்டான்.

"கழட்டுங்கப்பா. வேற போர்டு மாட்டிக்கிறோம். ஸ்கூல் அம்மா பேர்ல நடக்கும். இவ சொல்லிக்கொடுப்பா. வண்டியை நான் பாத்துக்கிறேன்."

"என்னடா சொன்ன?"

அவன் திரும்பச் சொன்னான். அதே வார்த்தைகள். குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. பைக்கின் பின் சீட்டிலிருந்து காலையில் அப்பா என்னென்ன சொன்னாரோ, அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அது முழுக்க அந்த வார்த்தைகளுக்குப் பின்னால் நின்றது.

மருமகளுக்குக் கண் கலங்கியது. கல்யாணமான நாளிலிருந்து அவன் வாயிலிருந்து ஒரே மூச்சில் இத்தனை வார்த்தைகள் வந்து அவள் கேட்டதில்லை. அவள் அத்தையைப் பார்த்துச் சிரிக்கப் போனாள்.

அத்தை சிரிக்கவில்லை.

"என் பேர்லயா?" என்றாள் மகனிடம். "நல்லாருக்கே. என்கிட்ட கேட்டியா?"

மெக்கானிக் விழித்தான். "இல்லம்மா, உனக்கு நல்லதுன்னுதான்..."

"அவரும் எனக்கு நல்லதுன்னுதான் இத்தனை நாள் எல்லாம் முடிவு பண்ணினாரு. இப்ப நீ. நாளைக்கு இவ." மருமகளையும் அவள் விட்டுவைக்கவில்லை. "நான் லைசென்ஸ் வாங்கினது ஸ்கூல் நடத்தவா? நான் அப்படிச் சொன்னேனா? யாராவது கேட்டீங்களா?"

அத்தை ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வார் வைத்த செருப்பைத் தரையில் ஊன்றிக்கொண்டாள்.

"இப்ப கேளுங்க. ஒவ்வொருத்தரா."

மெக்கானிக் கையில் இல்லாத துணியைத் தேடினான். முதலில் பேசியவர் மாஸ்டர்தான். குரல் கரகரத்திருந்தது. காலையில் கத்திய தொண்டை.

"லைசென்ஸ் கைக்கு வந்ததும் முதல்ல என்ன பண்றதா இருக்க?"

அத்தை யோசிக்கவே இல்லை. பதில் ரொம்ப நாளாகத் தயாராக இருந்ததுபோல வந்தது.

"தனியா ஒரு இடத்துக்குப் போறதா இருக்கேன். எங்கன்னு கேளுங்க, சொல்றேன்."

மாஸ்டர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த கேள்வி அவர் உதடுவரை வந்தது. திரும்பி வருவது அந்தப் பதிலில் இல்லாமல் போய்விடுமோ என்ற பயம் அதை அங்கேயே நிறுத்தி வைத்திருந்தது.